கட்டைவிரல் வரி

சால்டர்ஸ் பே, மிச்சிகன்
செப்டம்பர் 21, 1986

ரோஸலி அக்காவுக்கு,

இதைப் போர்வைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிச்சத்துக்கு நம் கடையிலிருந்து தூக்கிவந்த முக்குளிப்பு டார்ச். அதைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியிருப்பதால் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், மன்னித்துக்கொள். மாடிப்படியில் அப்பாவின் காலடி கேட்டால் டார்ச்சை அணைத்துவிட்டுப் பிணம்போல் படுத்துக்கொள்கிறேன். இந்தப் பத்தி முடிவதற்குள் ஒரு தடவை செத்துப் பிழைத்தாயிற்று. போனில் பேசலாம் என்றால், போன் இன்னும் சமையலறைச் சுவரில், அவர் நாற்காலிக்கு மேலேயேதான் இருக்கிறது.

நீ ஜூலையில் வீட்டைவிட்டுப் போனதிலிருந்து இங்கே உன் பெயரை யாரும் சொல்வதில்லை. அப்பா உன்னை "அந்த ஆளு" என்கிறார். "அந்த ஆளு வச்ச எடத்துல ஸ்பானர் இல்ல." அம்மா விடுவாளா? "அந்த ஆளுக்குப் பேர் வச்சது நீங்கதான். ஞானஸ்நானத்தன்னிக்குக் கோயில் வாசல்ல நின்னு மூக்கைச் சிந்தினீங்க, போட்டோ இருக்கு." அவர் உடனே சிலிண்டருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸரைப் போட்டுவிடுவார். அந்தச் சத்தத்தில் யார் என்ன பேசினாலும் கேட்காது. வாரத்தில் பாதி நாள் தேவையே இல்லாமல் அது ஓடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் அப்பா அறிவித்தார்: "அக்டோபர் பதினெட்டு, இந்த வருஷத்துக் கடைசி வகுப்பு. ஆல்மா டீன் கப்பல்ல எறங்குறோம். வரிசையில கடைசி ஆளா, ஒத்தாசைக்கு மார்சி வர்றா." என்னிடம் கேட்கவில்லை. உருளைக்கிழங்கை நசுக்கிக்கொண்டே சொன்னார். அது உன் இடம், அக்கா. நீ விட்டுப்போன இடத்தில் என்னை வைத்து மூடுகிறார்.

கோடையில் கல்குவாரியில் நான் சான்றிதழ் வாங்கியது உண்மைதான். ஆனால் அங்கே தண்ணீர் கஞ்சிபோல் வெதுவெதுப்பாக இருந்தது. அடியில் பயப்படும்படி இருந்தது ஒரு பழைய டிராக்டர் மட்டும்தான். ஏரி அப்படியா? போன வாரம் படகுத்துறைப் படியில் நின்று சும்மா முகத்தை மட்டும் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். மூச்சை இழுப்பதா விடுவதா என்பதே மறந்துபோயிற்று. அதுவும் படியில் நிற்கும்போது! கீழே, ஏரியடியில் மூழ்கிக் கருப்பாக வாயைத் திறந்துவைத்திருக்கிற அந்தக் கப்பலுக்குப் பக்கத்தில் என் மாஸ்க்கினுள் தண்ணீர் வந்தால்? யாரிடமும் சொல்லவில்லை. அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "என் சின்னப் பொண்ணு மீனுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மீன் எப்படிப் போய் எனக்குப் பயம் என்று சொல்லும்?

நீ திரும்பி வந்துவிடு. வந்தால் எல்லாம் சரியாகிவிடும். அன்று படகில் உங்களுக்குள் என்னதான் நடந்தது? எனக்கு அம்மைக்கட்டு, வீட்டில் கிடந்தேன். இரண்டுபேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வந்து இறங்கியது மட்டும்தான் ஜன்னலில் தெரிந்தது.

பதிலை என் பெயருக்கு அனுப்பாதே. சிஸ்டர் அலோய்சியா, செயின்ட் ஹெட்விக் கன்னியர் மடம் என்று போடு. ஆமாம், என் ஜியோமெட்ரி டீச்சரேதான். அவர் இந்த வருஷம் அப்பாவிடம் ஸ்கூபா படிக்கிறார்! "மிஸ்டர் ஸ்மிகெல்ஸ்கி கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன். அவர் கேட்கக்கூடாதுன்னு தினமும் ஜெபம் பண்ணிக்கறேன்" என்றார். தண்ணீருக்கடியில் சந்தோஷம் வந்தால் கட்டைவிரலைத் தூக்கிவிடுகிற பழக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை. அப்பா உடனே அவரை மேலே இழுத்துவந்துவிடுகிறார். தப்பாக விரல் தூக்குகிறவர் வகுப்புக்கே பலகாரம் தரவேண்டுமே, இதுவரை நாலு தடவை அந்தக் கட்டைவிரல் வரியைக் கட்டிவிட்டார். மடத்துச் சமையல்காரி பொன்ச்கி உருண்டைகளை எண்ணெயில் சுட்டுச் சுட்டு அலுத்துவிட்டாளாம். எங்களுக்கு அலுக்கவில்லை. உள்ளே பிளம் பாகு.

உன்
மார்சி


ஹார்லன் டி. ப்ரூக்ஸ் கப்பல்
டுலூத் துறைமுகம்
செப்டம்பர் 30

அடி சுண்டெலி,

உன் கடிதம் எப்படி வந்தது தெரியுமா? டெட்ராய்ட் ஆற்றில் கப்பல் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். தபால் படகு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும். மேலேயிருந்து நாங்கள் கயிற்றில் வாளியை இறக்குவோம், அவன் தபாலைப் போடுவான், நாங்கள் இழுத்துக்கொள்வோம். வாளிக்குள் நாலு பில், ஒரு மீன்பிடிப் பத்திரிகை, கோணல் எழுத்தில் ஒரு உறை. சமையல்காரர் ஆர்வில், "யாரு, காதலனா? கையெழுத்தைப் பாத்தா குடிகாரன் மாதிரி இருக்கே" என்றார்.

ஸ்கூபா சொல்லிக்கொடுத்தவள் இங்கே பாத்திரம் கழுவிக்கொண்டு, ரொட்டி சுட்டுக்கொண்டு இருக்கிறேன். சுற்றிலும் இவ்வளவு தண்ணீர், என் விரல் படுகிறதெல்லாம் சோப்புத் தண்ணீர். இந்த இரும்புத்தாதுக் கப்பல்களுக்கெல்லாம் யாரோ வழுக்கைத் தலை அதிகாரியின் பெயரை வைக்கிறார்களே, ஏன்? ஹார்லன் டி. ப்ரூக்ஸின் படம் சாப்பாட்டறையில் மாட்டியிருக்கிறது. நான் செய்கிற சூப் அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே எழுதியிருக்கிறது.

அன்று என்ன நடந்தது என்று கேட்டாயல்லவா? கேள்.

அன்று முதல்முறையாக மொத்த வகுப்பையும் நான் தனியாக ஆல்மா டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா கடைசியில், வெறுமனே பார்த்துக்கொண்டு வந்தார். அது ஒரு பரீட்சை. தேறினால் அடுத்த வருஷத்திலிருந்து வகுப்புகள் என்னுடையவை. முன்பக்கத்திலிருந்து கிளம்பி, கப்பலின் பக்கவாட்டில் போய், பின்பக்கத்துச் சுக்கான் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினோம். நானே சொல்லக்கூடாது, ஆனால் நன்றாகத்தான் போயிற்று. திரும்பிப் பார்க்கிறேன். அப்பா எனக்கு நேரே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்.

நாம் பால்குடி மறந்ததிலிருந்து கேட்கிற பாடம் அது. தண்ணீருக்கடியில் வட்டம் பிடித்தால் 'சரி'. கட்டைவிரல் தூக்கினால் 'மேலே போவோம்'. யார் காட்டினாலும், ஏன் எதற்கென்று கேட்காமல் எல்லோரும் மேலே போகவேண்டும். யாருக்கோ ஆபத்து என்று நினைத்து, எல்லோரையும் பத்திரமாக மேலே கொண்டுவந்தேன்.

மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றியதும் அவர் கேட்டார்: "யாரு உன்னை மேல வரச் சொன்னா?"

"நீங்கதானே விரல் காட்டினீங்க?"

"நான் எங்க காட்டினேன்? பயந்துட்டேன்னு சொல்லு, அதுல ஒண்ணும் தப்பில்ல."

அத்தனை மாணவர்களுக்கும் முன்னால், மார்சி! ஒருத்தர் வாயில் பாதி சாண்ட்விச்சோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காட்டினார். நான் பார்த்தேன். அதை அவர் தன் வாயால் ஒத்துக்கொள்கிற வரைக்கும் அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்.

உன் விஷயம் சுலபம். பயமாக இருந்தால் கட்டைவிரலைக் காட்டு. அதற்குத்தானே அது இருக்கிறது?

ரோஸ்

கப்பல் இப்போது தாது ஏற்றிக்கொண்டிருக்கிறது. பேனாவே அதிர்கிறது. எனக்கும் கோணல் எழுத்துதான்.


சால்டர்ஸ் பே
அக்டோபர் 7

அக்கா,

சுலபமாம்! அப்பாவிடம் விரல் காட்டுவது சுலபமாம். உனக்குக் கோபம் வந்தபோது நீ என்ன செய்தாய்? பையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாய். என்னிடம் "பை, சுண்டெலி" என்று ஒரு வார்த்தை. எனக்குக் கன்னம் இரண்டும் பூசணிக்காய்போல் வீங்கி, பதில் சொல்லக்கூட முடியவில்லை. அந்தப் பஸ் திரும்புகிற வரைக்கும் ஜன்னலில் நின்றேன். நீ திரும்பிப் பார்க்கவேயில்லை. எனக்குப் பாடம் நடத்தாதே.

எழுதிவிட்டேன், இனி அடித்து அழிக்கமாட்டேன். மற்ற செய்திகள்.

ஏரி தினமும் குளிர்ந்துகொண்டே போகிறது. சனிக்கிழமை துறையில் பழகினோம். அப்பா வெந்நீர்க் குடுவையோடு நின்று எல்லோருடைய கையுறைக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினார். அது மட்டும் சொர்க்கம். பல்மருத்துவர் பென்ட்லிக்கு உதடு மரத்துப்போய் வாய்க்குழாயைக் கடிக்கமுடியவில்லை. "என் நோயாளிங்க என்ன பாடு படறாங்கன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். அப்பா எல்லோரிடமும் 'சரியா?' என்று வட்டம் பிடித்துக் கேட்டார். நானும் வட்டம் பிடித்தேன். பொய் வட்டம். கையால்கூடப் பொய் சொல்லமுடியும் என்று அன்றுதான் கண்டுபிடித்தேன். கரையேறி, சிலிண்டர் அறைக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தேன்.

டார்ச் விஷயத்தில் மாட்டிக்கொள்ளப்போகிறேன். அப்பா இன்று காலையில் கத்தினார்: "இந்த டார்ச்சுல பேட்டரியை யாரு தின்னுறா? சனிக்கிழமை புதுசு போட்டேன், இன்னிக்கு மின்மினிப்பூச்சி மாதிரி எரியுது!" அம்மா சொன்னாள்: "எலியா இருக்கும்."

அம்மா இன்னொன்றும் சொன்னாள். அப்பா தினமும் ராத்திரி வானிலை கேட்கிறேன் என்று கப்பல் ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பாரல்லவா? வானிலை சொல்லி முடித்த பிறகும் அணைக்கமாட்டாராம். எந்தக் கப்பல் எந்த இடத்தைத் தாண்டியது என்று சொல்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாராம். "ஹார்லன் டி. ப்ரூக்ஸ்" என்று வந்ததும் அணைத்துவிட்டுப் படுக்கப்போவாராம்.

சிஸ்டர் அலோய்சியாவிடம் உன் கதையைச் சொன்னேன். (கோபித்துக்கொள்ளாதே, அவர் தபால்காரி. உரிமை இருக்கிறது.) அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தண்ணிக்கு மேல ஒருத்தர் கட்டைவிரலைத் தூக்கினா என்ன அர்த்தம், மார்செல்லா? எனக்குத் தெரியும். அதுக்குத்தான் நாலு தடவை வரி கட்டினேன்."

அக்கா, ஒருவேளை அப்பா உன்னைப் 'பிரமாதம்' என்று சொல்லியிருப்பாரோ?

இன்று அவர் கம்ப்ரஸருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "அப்பா, நீங்க எப்பவாச்சும் கட்டைவிரல் வரி கட்டியிருக்கீங்களா?" எண்ணெய்க் குப்பி காலில் விழுந்தது. "பள்ளிக்கூடத்துல வீட்டுப்பாடமே குடுக்கமாட்டாங்களா?" என்று கம்ப்ரஸரைப் போட்டுவிட்டார்.

பதினெட்டாம் தேதி நெருங்குகிறது. தயவுசெய்து வா.

மார்சி


ஹார்லன் டி. ப்ரூக்ஸ்
ஹியூரான் ஏரியில் எங்கோ
அக்டோபர் 13

மார்சி,

பஸ்ஸில் நான் திரும்பிப் பார்க்காததற்குக் காரணம், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, கைக்குட்டை இல்லை. அந்த முகத்தை உனக்குக் காட்ட விருப்பமில்லை. போதுமா? அது என் தவறுதான்.

ஆனால் உன் சிஸ்டரிடம் சொல், ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். அப்பாவாவது, பாராட்டுவதாவது! எனக்கு ஒன்பது வயதில் நம் விரிகுடாவைக் குறுக்கே நீந்திக் கடந்தேனே, நினைவிருக்குமா உனக்கு, நீ அப்போது கைக்குழந்தை. கரையில் நின்றிருந்த அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "துண்டைப் புல்லுல போட்டுட்டுப் போயிட்ட, நனஞ்சு கெடக்கு." அவ்வளவுதான். அந்த மனிதர் ஒருவரைப் பாராட்டுவதற்குத் தண்ணீருக்கடியில் கையைத் தூக்கினாராம், அதுவும் தான் முப்பது வருஷமாக எல்லோருக்கும் வரி போடுகிற அதே விரலை! போடி.

என்னால் பதினெட்டாம் தேதிக்கு வரமுடியாது. நிஜமாகவே முடியாது, அன்று நாங்கள் மேல் ஏரியில் இருப்போம். டெட்ராய்ட்டைத் தாண்டுவது இருபத்தெட்டாம் தேதிதான். புது பேட்டரிக்கு உறைக்குள் காசு வைத்திருக்கிறேன். வாந்தி எடுப்பதானால் கடலில் எடுப்பதுபோல் காற்று போகிற பக்கம் பார்த்து எடு.

நேற்று ராத்திரி நம் ஊர்க் கலங்கரை விளக்கம் தெரிந்தது. ரொட்டி கருகியதற்கு அதுதான் காரணம் என்று ஆர்விலிடம் சொல்லவில்லை.

உனக்குப் பயம் என்பதை அவரிடம் சொல்லிவிடு, சுண்டெலி. நான் சொல்லாமல் வந்துவிட்டேன். இங்கே பாத்திரம் கழுவுகிறேன், பார்.

ரோஸ்


சால்டர்ஸ் பே
அக்டோபர் 19, ஞாயிறு

அக்கா, அக்கா, அக்கா!

இன்று டார்ச் பகல்போல் எரிகிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நேற்றுக் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. படகில் எல்லோரும் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எல்லோருடைய வாயிலிருந்தும் புகை. சிஸ்டர் மட்டும் ரப்பர் உடைக்கு மேல் ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு, "நாம தண்ணிக்குள்ள போறோமா, தண்ணி நமக்குள்ள போகுதான்னு இனிமேதான் தெரியும்" என்றார். பயத்தில் எனக்கு முகம் கழுவுவது எப்படி என்பதுகூட மறந்திருந்தது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். நான் கடைசி. முதலில் பச்சை, பிறகு சாம்பல் பச்சை. கப்பல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஒன்றுமே இல்லாமல் இருந்தது, சட்டென்று முழுதாக இருந்தது! நூறு வருஷமாகக் கிடக்கிறது, பலகை பலகையாக, ஆணி ஆணியாக அப்படியே. உப்பில்லாத தண்ணீரில் மரம் கெடாது என்று அப்பா சொல்லிச் சொல்லிக் காது புளித்திருக்கிறது. ஆனாலும் நேரில் பார்க்கும்போது, இப்போதுதான் யாரோ இறங்கிச் சாப்பிடப் போயிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. திறந்திருந்த கிடங்கு வாயிலிருந்து தாடையில் ஒற்றை மயிர் முளைத்த ஒரு மீன் எட்டிப் பார்த்தது. நம் பழைய தலைமையாசிரியரேதான்.

அதைப் பார்த்துச் சிரித்தேன். அதுதான் தப்பு. சிரித்தால் கன்னம் தூக்கும், மாஸ்க் விலகும். ஐஸ் தண்ணீர் ஒரு கோடாக உள்ளே வந்து மூக்கில் ஏறியது. அவ்வளவுதான். கை, கால், படித்த பாடம் எல்லாம் என்னைவிட்டுப் போய்விட்டன. காற்று இருக்கிறது, வாயில்தான் இருக்கிறது, ஆனால் அதை எப்படி இழுப்பது என்று தெரியவில்லை. வரிசை முன்னால் போய்க்கொண்டிருந்தது.

அப்பா எப்படித் திரும்பினார் என்று தெரியாது. என் முன்னால் வந்து நின்று, வட்டம் பிடித்தார். 'சரியா?'

நான் வட்டம் பிடித்தேன். ஆமாம், அப்போதும்! கை பழகிவிட்டது, அக்கா.

அவர் போகவில்லை. என் மாஸ்க்கின் கண்ணாடியோடு தன் கண்ணாடியை ஒட்டிவைத்துப் பார்த்தார். மறுபடியும் வட்டம் பிடித்தார், மெதுவாக. 'சரியா?'

அப்போது நீ எழுதியது நினைவு வந்தது. நான் சொல்லாமல் வந்துவிட்டேன், இங்கே பாத்திரம் கழுவுகிறேன். நான் கட்டைவிரலைத் தூக்கினேன்.

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தன் கட்டைவிரலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டார். மொத்த வகுப்பும் திரும்பி, கயிற்றோடு மேலே வந்தது. வருகிற வழியெல்லாம் பிடியை விடவில்லை. கையுறைக்குள் இருந்த வெந்நீர் ஆறிப்போயிருந்தது. அவர் கை மட்டும் சூடாக இருந்ததுபோல் இருந்தது. அது கற்பனையாகவும் இருக்கலாம்.

படகில் ஏறியதும் பென்ட்லி ஆரம்பித்தார். "என்ன லியோ, இப்பத்தானே எறங்கினோம்? சக்கரத்தைக்கூட பாக்கலியே! எதுக்கு மேல வந்தோம்?"

அப்பா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எனக்கு உருளைக்கிழங்கு சூப்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "என் படகுல ஒருத்தர் கட்டைவிரலைக் காட்டினா, எதுக்கு வந்தேன்னு யாரும் கேக்கமாட்டாங்க, டாக்டர். அதுதான் இங்க சட்டம்."

சிஸ்டர் அலோய்சியா தலைமுடியிலிருந்து தண்ணீரைப் பிழிந்துகொண்டே, வகுப்பில் கேட்கிற அதே குரலில் கேட்டார்: "யாருமே கேக்கமாட்டாங்களா, மிஸ்டர் ஸ்மிகெல்ஸ்கி?"

அப்பா சூப்பை ஊற்றிக்கொண்டே இருந்தார். கோப்பை நிரம்பி என் முழங்காலில் வழிந்தது. நான் கத்திய பிறகுதான் நிறுத்தினார்.

பிறகு அவர் படகின் பின்பக்கம் போய் உட்கார்ந்து, ஏற்கெனவே சுற்றியிருந்த கயிற்றைப் பிரித்து மறுபடி சுற்றினார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பயமா இருந்துச்சுப்பா. ரொம்ப நாளாவே. சொல்லல."

"தெரியும். சிலிண்டர் ரூமுக்குப் பின்னால கழுவிவிட்டது யாருன்னு நெனச்ச?"

"தெரிஞ்சுமா என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லலேன்னா கேக்கணும்னு இருந்தேன்." கயிற்றில் ஒரு சுற்றுப் போட்டார். "எனக்குக் கேக்கத் தெரியல."

அதன் பிறகு, அக்கா, நான் எழுதுவதை நம்பு, ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. அவர் உன் பெயரைச் சொன்னார்.

"ரோஸலி அந்தச் சக்கரத்தைச் சுத்தி அத்தனை பேரையும் கூட்டிட்டுப் போனா. கீழ ஒரு துளி சேறு கெளம்பல. பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கே அப்படி வராது. கை தானா எழும்பிடுச்சு."

"அப்ப காட்டினீங்க!"

"காட்டினேன்."

"மேல வான்னா?"

"இல்லம்மா." காது நுனிவரை சிவந்துவிட்டார். அது குளிரால் இல்லை. "மேல வந்து பாத்தா எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாங்க. இந்த வரியைப் போட்டவனே நான். முதல் நாள் வந்த பையன் பண்ற தப்பு. ஒத்துக்க வாய் வரல. வேற ஏதோ வந்துருச்சு."

சிஸ்டருக்கு அந்தப் பக்கமிருந்து எப்படித்தான் கேட்டதோ! "வரி ஏய்ப்பு பாவம், மிஸ்டர் ஸ்மிகெல்ஸ்கி" என்று குரல் வந்தது. அப்பா கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி இறங்கத் தயாரானார்கள். "நீ படகுலயே இரு, ரேடியோவைப் பாத்துக்க" என்றார். நான் கொஞ்ச நேரம் ரேடியோவைப் பார்த்தேன். பிறகு மாஸ்க்கில் எச்சில் துப்பித் துடைத்து மாட்டிக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் வரிசையில் கடைசியாகச் சேர்ந்துகொண்டேன். இந்தத் தடவையும் கொஞ்சம் தண்ணீர் வந்தது. மூக்கால் ஊதினேன், போயிற்று. அவ்வளவுதானாம்! சக்கரத்தைப் பார்த்தேன், அக்கா. ஒரு கட்டைகூட உடையவில்லை. நானும் ஒரு சுற்றுச் சுற்றினேன். உன்னைப்போல் இல்லை. சேறு புகைமண்டலமாகக் கிளம்பி, பென்ட்லி கொஞ்ச நேரம் காணாமல் போனார்.

ராத்திரி அறைக்கு வந்தால் தலையணையில் டார்ச். புது பேட்டரி. பக்கத்தில் இன்னொரு ஜோடி, பிரிக்காதது. கீழே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. படியிலிருந்து அப்பாவின் குரல் மட்டும் கேட்டது. யாரிடம் கேட்கிறார் என்றே தெரியாத மாதிரி:

"ப்ரூக்ஸ் டெட்ராய்ட்டைத் தாண்டுறது என்னிக்குன்னு யாருக்காவது தெரியுமா?"

நான் போர்வைக்குள்ளிருந்தே சொன்னேன்: "இருபத்தெட்டு!"

"ம்" என்றார்.

உன்
மார்சி


ஹார்லன் டி. ப்ரூக்ஸ்
ஈரி ஏரி
அக்டோபர் 29

என் சுண்டெலிக்கு,

முதலில் ஒரு கேள்வி. நேற்று, செவ்வாய்க்கிழமை, அப்பா எங்கே போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்? கம்ப்ரஸருக்கு வால்வு வாங்கவா? நான் பந்தயம் கட்டுகிறேன், வால்வுதான்.

நேற்று டெட்ராய்ட்டில் நல்ல மழை. தபால் படகு வந்து ஒட்டிக்கொண்டது. வாளியை இறக்கினேன். இழுத்தால் கனக்கிறது. ஆர்வில் வந்து கைகொடுத்தார். "உன் குடிகாரன் செங்கல் அனுப்பியிருக்கானா?" உள்ளே ஒரு அட்டைப்பெட்டி. மேலே பிளாஸ்டிக் சுற்றி, நம் கடையின் சிலிண்டர் கயிற்றால், அப்பா மட்டுமே போடுகிற அந்த அசிங்கமான முடிச்சால் கட்டியிருந்தது. சீட்டு இல்லை, ஒரு எழுத்து இல்லை. திறந்தேன்.

பொன்ச்கி, மார்சி! பெட்டி நிறைய. எண்ணெய் ஊறி அடி அட்டை கண்ணாடிபோல் ஆகியிருந்தது. பிளம் பாகு இரண்டு மூன்றில் வெளியே வழிந்திருந்தது.

மழையில் அப்படியே நின்றேன். உன் கடிதம் பெட்டிக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததை அப்போது பார்க்கவேயில்லை. அதை வாசிக்காமலே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நம் படகில் இதைக் கொண்டுவருகிறவர்கள் எதற்காகக் கொண்டுவருவார்கள்? மூன்று மாதம் பிந்தி, அபராதத்தோடு, அந்த மனிதர் வரி கட்டிவிட்டார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தேன். தபால் படகில் வழக்கமான ஆளுக்குப் பின்னால் இன்னொருவர், மான் வேட்டைக்குப் போடுகிற ஆரஞ்சுத் தொப்பியோடு, மழையில் சொட்டச் சொட்ட நிற்கிறார். அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். இஞ்சின் சத்தத்தில் பேச வழியில்லை. அவருக்கு அது வசதியாகப் போயிற்று, கம்ப்ரஸர் மாதிரி.

கையைத் தூக்கி, கட்டைவிரலைக் காட்டினார். இந்தத் தடவை நன்றாகத் தெரியும்படி, கையை நீட்டி. படகு விலகிப்போகிற வரைக்கும் இறக்கவேயில்லை.

ஆர்வில் கேட்டார்: "யாரு அது? உன்ன பிரமாதம்ங்கிறாரா?"

எனக்குத் தெரியவில்லை, மார்சி. பிரமாதம் என்றாரா, மேலே வா என்றாரா? அந்த மனிதரிடம் போய்க் கேட்காதே. கேட்டால் கம்ப்ரஸரைப் போட்டுவிடுவார். நான் கேட்கப்போவதில்லை. சட்டம் என்னவென்று எனக்குத் தெரியும்.

டிசம்பரில் பனிக்கட்டி கட்டத் தொடங்கியதும் கப்பலைக் குளிர்காலத்துக்கு நிறுத்திவிடுவார்கள். அன்றே பஸ் ஏறுகிறேன். என் படுக்கையில் நீ பரப்பிவைத்திருக்கிற குப்பையை எடுத்துவிடு. அடுத்த கோடையில் வகுப்பை நான் முன்னால் நடத்துவேன், நீ கடைசியில் வருவாய், சேறு கிளப்பாமல். அம்மாவிடம் சொல். சிஸ்டரிடம் ஜெபத்தை நிறுத்திவிடலாம் என்று சொல்.

பொன்ச்கியில் ஆர்வில் மூன்றை விழுங்கிவிட்டார். ஒன்றை ஹார்லன் டி. ப்ரூக்ஸின் படத்துக்குக் கீழே வைத்தேன். முதல்முறையாக அவர் முகம் கொஞ்சம் இளகியதுபோல் இருந்தது. மிச்சமெல்லாம் எனக்கு.

ஏன் எதற்கென்று கேட்காமல் மேலே வருகிறேன்.

ரோஸ்